பயிற்சியில் சேர்ந்தால் கிருஹலட்சுமி நின்றுவிடுமா? பெங்களூரில் அரசு செலவில் தொழில் கற்க விரும்பும் குடும்பத்துக்கு விரிவான பதில்

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு 42 வயது. அப்பா இறந்தபின் விதவை ஓய்வூதியம் 800 ரூபாயும், குடும்பத் தலைவிகளுக்குக் கர்நாடக அரசு மாதந்தோறும் தரும் கிருஹலட்சுமி 2,000 ரூபாயும் வருகின்றன. பகலில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார், சாயங்காலம் பூ கட்டி விற்கிறார். கேட்பவர் 2024இல் பி.காம் முடித்து, வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு மாநில அரசு தரும் யுவநிதி வாங்குகிறார். தம்பிக்கு 18 வயது. பத்தாம் வகுப்பு தேறாமல் நின்றவன், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான். தெருவுக்கு வந்த ஒரு பயிற்சி மையத்தார், "எல்லாம் இலவசம், மூன்று மாதத்தில் வேலை" என்று ஆதார் நகல் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, "அதில் சேர்ந்தால் வருகிற பணமும் நின்றுபோகும், என் தங்கைக்கு நின்றுவிட்டது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பயிற்சியில் சேர்வதால் மட்டும் ரேஷன் கார்டோ கிருஹலட்சுமியோ ஓய்வூதியமோ போகாது. பயிற்சிக்குப் பிறகு வரும் சம்பளத்தால் சில போகும், சில போகாது. ஆகவே எந்தப் பயிற்சி என்று பார்ப்பதற்கு முன், அது எந்த வேலையில் கொண்டுபோய் விடும், அந்தச் சம்பளத்தில் எது கையை விட்டுப் போகும், எது மிஞ்சும் என்ற கணக்கைப் போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் சேர்கிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள், வேலை வந்த பிறகு பயந்து விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி மையத்திலோ, புதிதாகச் சேர்ந்த கம்பெனியிலோ ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று திறக்கச் சொல்வார்கள். அப்போது படிவத்தில் ஆதாரை இணைக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அந்தப் புதுக் கணக்கு மாறிவிடும். ஆதார் வழியாக வரும் உதவித்தொகை, கடைசியாக எந்த வங்கியோடு இணைத்தீர்களோ அங்கேதான் போகும். பழைய பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, "பயிற்சியில் சேர்ந்தேன், நின்றுவிட்டது" என்ற செய்தி தெரு முழுக்கப் பரவும். பணம் புதுக் கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஆதாரோடு இணைத்த கைபேசியிலிருந்து *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். மைஆதார் தளத்திலும் பார்க்கலாம், அரசு உதவித்தொகைகளைக் காட்டும் டிபிடி கர்நாடகா செயலியில் எந்தத் தேதியில் எந்த வங்கிக்குப் பணம் போனது என்றே தெரியும். புதுக் கணக்குத் திறக்கும்போது, "உதவித்தொகை பழைய வங்கிக்கே வரட்டும்" என்று வாயால் சொன்னால் போதாது, படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கிருஹலட்சுமி சில மாதங்கள் தள்ளி மொத்தமாக வருவதும் வழக்கம். அதனால் உங்களுக்கு மட்டும் வரவில்லையா, தெருவில் யாருக்குமே வரவில்லையா என்று விசாரித்துவிட்டுப் பதறுங்கள்.

இனி சம்பளம் வந்தால் எதெது என்ன ஆகும் என்று பார்ப்போம். பெண்களுக்கான சக்தி திட்டத்தின் இலவசப் பேருந்துக்கு வருமான வரம்பே கிடையாது. கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை இருந்தால் போதும். கிருஹஜோதியின் 200 யூனிட் வரைக்குமான மின்சாரமும் அப்படியே, அது மீட்டரைத்தான் பார்க்கிறது, சம்பளத்தை அல்ல. கிருஹலட்சுமி வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்களின் ஏபிஎல் ரேஷன் கார்டுக்கும் உண்டு. குடும்பத் தலைவியோ அவர் கணவரோ வருமான வரி கட்டுபவராகவோ ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்பவராகவோ இருந்தால்தான் அது இல்லை. ஆகவே உங்கள் அம்மா மாதம் 15,000 ரூபாய் வேலைக்குப் போனாலும் 2,000 ரூபாய் தொடரும். மகளோ மகனோ சம்பாதிப்பதும் அதைப் பாதிக்காது.

போகக்கூடியவை இரண்டு. ஒன்று வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கான பிபிஎல் ரேஷன் கார்டு. கர்நாடகத்தில் அதற்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது வீட்டில் எல்லோருடையதையும் சேர்த்து மாதம் 10,000. மற்றொன்று விதவை ஓய்வூதியம். அதற்கு வரம்பு இன்னும் கீழே, ஆண்டுக்கு 32,000. வருவாய்த்துறை அலுவலகமான நாட கச்சேரியில் எடுத்த வருமானச் சான்றிதழில் என்ன தொகை இருக்கிறது, எந்தத் தேதி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அது ஐந்து ஆண்டு செல்லும். மறுபடி எடுக்கும்போது உள்ளதைச் சொல்ல வேண்டிவரும். பிஎஃப் பிடிக்கும் வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளம் ஆதாரோடு சேர்ந்தே பதிவாகிறது. அரசு தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும்போது வெளிவரும், மறைக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

பிபிஎல் போனால் பலர் அரிசியைத்தான் நினைக்கிறார்கள். பெரிய இழப்பு ஆஸ்பத்திரியில்தான். ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா என்ற அரசு மருத்துவத் திட்டத்தில் பிபிஎல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஏபிஎல் என்றால் நிர்ணயித்த செலவில் 30 சதவீதம் மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை. இந்த ஓட்டையை அடைப்பது தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ. சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது கட்டாயம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வைத்தியம் கிடைக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து. உடம்பு முடியாமல் படுத்தால் கிடைக்கும் பணத்துக்கு மட்டும் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்கு கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு ராஜாஜிநகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி பக்கம், அல்சூர்க்காரர்களுக்கு இந்திராநகர். ஆகவே பயிற்சி மையத்தார் "வேலை உறுதி" என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இஎஸ்ஐ உண்டா?" என்பதுதான். இஎஸ்ஐ இல்லாத 14,000 ரூபாயை விட, இஎஸ்ஐ உள்ள 12,500 ரூபாய் உங்கள் வீட்டுக்கு நல்லது என்பது என் துணிபு.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 15,000 ரூபாய் சம்பளத்துக்கும் முழுதாக பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம், 1,800. இஎஸ்ஐ 113. தொழில் வரி இந்தச் சம்பளத்துக்கு இல்லை. கையில் வருவது 13,087. இதிலிருந்து அம்மா இப்போது இரண்டு வீட்டிலும் சேர்த்து வாங்குவதைக் கழியுங்கள், ஓய்வூதியம் 800ஐக் கழியுங்கள், மூன்று பேர் அரிசிக்குக் கடையில் ஆகும் விலையைக் கழியுங்கள். சாயங்காலப் பூ வியாபாரம் நின்றுபோகுமானால் அதையும் கழியுங்கள். மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் உண்மையான ஏற்றம். இது 1,500, 2,000 என்று வந்தால் அந்த வேலைக்காக மூன்று மாதம் கூலியில்லாமல் பயிற்சிக்குப் போவது வீண். 5,000க்கு மேல் வந்தால் துணிந்து போகலாம். 1,800 பிஎஃப் வெட்டுப்பணம் அல்ல, அதே அளவு முதலாளியும் போடுகிறார் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, தெருவுக்கு வந்த மையம். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிஎம்கேவிஒய் 2015இல் தொடங்கியது, 15 முதல் 45 வயது வரை குறுகியகாலப் பயிற்சி. மாநிலத்தில் 2017 முதல் முதலமைச்சர் கௌசல்ய கர்நாடக யோஜனை இருக்கிறது, அதற்குப் பதிவு கௌசல்கர் தளத்தில். இரண்டிலும் பயிற்சியை நடத்துவது பெரும்பாலும் தனியார் மையங்கள். அவர்களுக்குப் பணம் தலைக்கணக்கில், தவணை தவணையாக வருகிறது. வருகைப்பதிவு நிரம்புவதிலும் தேர்வு முடிவதிலும் அவர்களுக்கு இருக்கும் அக்கறை, ஆறு மாதம் கழித்து நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதில் அவ்வளவு இருப்பதில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பிஎம்கேவிஒய் பயனாளிகள் பெரும்பாலோரின் வங்கிக் கணக்கு இடத்தில் பூஜ்யங்களும் வெற்றிடமும் இருந்ததைக் காட்டியது. நல்ல மையங்களும் உண்டு. எது நல்லது என்று நீங்களே போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலை 11 மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். வகுப்பு நடக்கிறதா, பலகையில் எழுதியிருக்கும் பேட்சில் எத்தனை பேர், உட்கார்ந்திருப்பது எத்தனை பேர்? தையல் என்றால் பெடல் மெஷினா, பவர் மெஷினா என்று பாருங்கள். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு கார்மென்ட்ஸ் எல்லாவற்றிலும் பவர் மெஷின்தான். ஓவர்லாக் தெரியுமா என்று கேட்பார்கள். பெடலில் மூன்று மாதம் பழகியவரை அங்கே மறுபடியும் ஹெல்பராகத்தான் எடுப்பார்கள், அப்புறம் அந்தச் சான்றிதழ் எதற்கு? கார்மென்ட்ஸ் வேலையே குறி என்றால் ஜவுளி அமைச்சகத்தின் சமர்த் திட்டத்தில் ஆலைக்குள்ளேயே நடக்கும் பயிற்சியைத் தேடுங்கள், கற்றுக்கொடுக்கிற இடமே வேலைக்கு எடுக்கிற இடமாக இருக்கும். ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி என்றால் கட்டிலும் சக்கர நாற்காலியும் பிரஷர் கருவியும் வகுப்பில் இருக்கின்றனவா, எந்த ஆஸ்பத்திரிக்குப் பழகக் கூட்டிப் போகிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேலையில் இரவு ஷிப்ட் வரும், அதற்கும் வீட்டில் வழி இருக்கிறதா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

முந்தைய பேட்சில் படித்த மூன்று பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் இப்போது எங்கே, கையில் எவ்வளவு, எத்தனை பேர் மூன்று மாதத்தில் வேலையை விட்டார்கள், ஏன் விட்டார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். அத்திபெலே, ஜிகணி, ஓசூர் என்று வேலை போட்டுக் கொடுப்பார்கள். சக்தியில் பேருந்து இலவசம் என்றாலும் ஸ்ரீராம்புரத்திலிருந்து போய்வர நான்கு மணி நேரம் ஆகும், இலவசம் ஓசூர் எல்லையைத் தாண்டாது. ஹாஸ்டலில் தங்கினால் வாடகையும் சாப்பாடும் சம்பளத்தில் பிடிப்பார்கள். வேலை வாங்கிக் கொடுத்ததாக மையம் கணக்கு காட்டிவிடும், நீங்கள் ஒரு மாதத்தில் திரும்பி வருவீர்கள்.

"பயோமெட்ரிக் மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். உங்கள் ஆதாரில் பயிற்சி பெற்றவர் என்று பதிவாகிவிடும், பின்னால் உண்மையாகவே ஒரு நல்ல பயிற்சி கிடைக்கும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். முன்பணம், சீருடைக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று எது கேட்டாலும் தப்பு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

வீட்டு வேலை செய்பவர்களுக்கும் கட்டட வேலை செய்பவர்களுக்கும் வரும் ஒரு தனித் தொந்தரவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சோப்பும் ஆசிட்டும் சிமென்ட்டும் தின்று விரல் ரேகை தேய்ந்திருக்கும். கருவி கைரேகையை எடுக்காது, நாள் முழுக்க வகுப்பில் இருந்தும் வரவில்லை என்று பதிவாகும், வருகை குறைந்தால் கடைசித் தேர்வுக்கே உட்கார விடமாட்டார்கள். சேர்வதற்கு முன் ஆதார் சேவை மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் முகப்பதிவுக்கு மையத்தில் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வு எந்த மொழியில் என்பதையும் கேட்க வேண்டும். நம் அம்மாக்கள் பலருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. வினாக்கள் டேப்லெட்டில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரும்போது திணறுவார்கள். வாசித்துச் சொல்ல ஆள் உண்டா என்று முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு என் யோசனை வேறு. பூ கட்டுவது கையில் இருக்கும் தொழில். 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் வரும் 18 தொழில்களில் மாலை கட்டுவதும் ஒன்று. தையல், சலவை, முடிதிருத்தம், கொத்து வேலை, தச்சு, செருப்புத் தைப்பது ஆகியவையும் அதில் உண்டு. இதில் அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம், ஐந்து முதல் ஏழு நாளில் முடியும். ஒரு நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. மூன்று மாதம் கூலி இழக்கத் தேவையில்லாத பயிற்சி என்பதாலேயே இது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது. கருவிகளுக்கு 15,000 ரூபாய், அது பணமாக வராது, மின்வவுச்சராக வரும். பயிற்சி முடித்தால் அடமானம் இல்லாமல் 1 லட்சம் வரை கடன், வட்டி 5 சதவீதம், 18 மாதத்தில் கட்ட வேண்டும். முழு லட்சம் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 5,780 வரும். பூ வியாபாரத்தில் அவ்வளவு மிச்சம் நிற்குமா என்று பார்த்து, 30,000 அல்லது 40,000 மட்டும் கேட்பது நல்லது. கொடுக்கிறார்கள் என்பதற்காக முழுத் தொகையையும் எடுக்க வேண்டியதில்லை.

பதிவு பொதுச் சேவை மையத்தில், கைரேகை வைத்து, கட்டணமில்லாமல். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஆகவே தம்பி பெயரில் வேறு தொழிலுக்கு யாரும் ஏற்கெனவே பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்தபின் மூன்று கட்டச் சரிபார்ப்பு. முதல் கட்டம் நகராட்சியில், அதாவது 2025இல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தபின் உங்கள் பகுதிக்கு உரியது எதுவோ அதில். விண்ணப்பம் பெரும்பாலும் தேங்குவது இங்கேதான். பதிவு எண்ணோடு வார்டு அலுவலகத்தில் போய், "சரிபார்ப்பு யாரிடம் நிற்கிறது?" என்று கேட்காமல் அது தானாக நகரும் என்று இருந்துவிடக் கூடாது. பூக்கூடையும் நாரும் வைத்து அம்மா வேலை செய்யும் படம் கைபேசியில் ஒன்றிரண்டு இருக்கட்டும். இன்னொரு எச்சரிக்கை: தெரு வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதிக் கடனோ முத்ரா கடனோ கட்டி முடியாமல் இருந்தால் விஸ்வகர்மா கடன் கிடையாது. கட்டி முடித்தவருக்குத் தடையில்லை. எனவே எதை முதலில் எடுப்பது என்று யோசித்து எடுங்கள். ஸ்வநிதியில் 2025இல் மாற்றியபடி முதல் கடன் 15,000 மட்டுமே. அதை எடுத்துவிட்டுப் பெரிய கதவை அடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடன் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆள், "ஜிஎஸ்டி ஒன்று போட்டுவிடலாம், வங்கி சீக்கிரம் கொடுக்கும்" என்பார். கூடவே கூடாது. மேலே சொன்னபடி ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் ஆரம்பித்தால் கிருஹலட்சுமி நிற்கும். பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும் வரை கர்நாடகத்தில் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு போதும், அது இலவசம்.

பிற்பாடு கடையாக விரிக்க நினைத்தால் மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் உத்யோகினி இருக்கிறது. 18 முதல் 55 வயது, 3 லட்சம் வரை கடன், அதில் மானியம் பொதுப்பிரிவுக்கும் விதவைகளுக்கும் 30 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 50 சதவீதம். கடனுக்கு முன் சில நாள் தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு.

இங்கே சாதிச் சான்றிதழ் பற்றிச் சொல்லியாக வேண்டும், தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இடறி விழும் இடம் இது. வேலூரிலோ திருவண்ணாமலையிலோ எடுத்த பட்டியல் சாதிச் சான்றிதழை வைத்துக் கர்நாடக அரசின் சலுகை கேட்க முடியாது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்குள்ள ஒதுக்கீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1990இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்திய நிலை. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே நிரந்தரமாக வாழ்ந்தது என்பதுதான் அளவுகோல். ஆனால் வெள்ளைக்காரப் படைமுகாமாக இருந்த கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே இங்கே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆதிதிராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. தாத்தாவின் பள்ளிப் பதிவேடு, பழைய வாடகை ரசீது, மில் வேலைச் சீட்டு, ஞானஸ்நானப் பதிவு என்று 1950க்கு முந்திய எதுவானாலும் தேடி எடுத்து நாட கச்சேரியில் இங்கேயே சான்றிதழ் வாங்குங்கள். அதில் வரும் ஆர்டி எண் என்ற சான்றிதழ் எண்தான் மாநில அரசின் விண்ணப்பத் தளமான சேவா சிந்துவில் எல்லா விண்ணப்பத்துக்கும் சாவி. கிடைத்தால் மானியம் 30லிருந்து 50 சதவீதம் ஆகிறது, 3 லட்சத்தில் 60,000 ரூபாய் வித்தியாசம். ஒரு வாரம் அலைவதற்குத் தகுந்த பணம்தான்.

தம்பிக்கு மூன்று மாத டேட்டா என்ட்ரி, ரீட்டெய்ல் சேல்ஸ் பயிற்சி எதிலும் சேர்க்காதீர்கள். பத்தாம் வகுப்பு தேறாத 18 வயதுப் பையனுக்கு அந்தச் சான்றிதழ் சம்பளத்தை உயர்த்தாது. ஐடிஐயில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய டிரேடுகள் உண்டு. வெல்டர் ஒரு வருடம், வயர்மேன் இரண்டு வருடம். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். அரசு ஐடிஐயில் கட்டணம் சொற்பம், சேர்க்கை எஸ்எஸ்எல்சி முடிவுகளை ஒட்டி வரும், அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கூடவே என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடிக்கட்டும், தமிழ் வழியிலேயே எழுதலாம். எட்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருட ஐடிஐயும் தேறினால், என்ஐஓஎஸ் மூலம் மொழித்தாள் எழுதிப் பத்தாம் வகுப்புக்குச் சமானம் வாங்கும் வழியும் இருக்கிறது.

வீட்டுக்கு அவன் பணம் உடனே வேண்டும் என்றால் அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டே கம்பெனியில் தொழில் பழகுவது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் இதில் இடமுண்டு. 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 5,000, பத்தாம் வகுப்புக்கு 6,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000. இது கீழ்வரம்பு, கம்பெனிகள் கூடுதலாகவும் கொடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும், பீன்யாவில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவாகிறதா என்று மட்டும் பாருங்கள். பதிவில்லாமல் "டிரெய்னி" என்று வைத்துக்கொண்டால் அது வெறும் குறைந்த சம்பள வேலை. மண்டபத்தில் முகூர்த்த நாளில் கிடைக்கும் கூலியோடு 5,000ஐ ஒப்பிட்டு அவன் முகம் சுளிப்பான். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். படிப்பு முடிந்தபின் ராஜாஜிநகர் தொழிற்பேட்டையில் இருக்கும் ஜிடிடிசியைப் பாருங்கள். டென்மார்க் உதவியோடு 1972இல் ஏற்பட்ட அரசு கருவிப் பயிற்சி மையம் அது, சிஎன்சி இயந்திரங்களுக்கு அங்கே பழகியவனுக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு.

உங்கள் யுவநிதி 3,000 ரூபாய் அதிகபட்சம் 24 மாதம், அல்லது வேலை கிடைக்கும் வரை. மேல்படிப்பில் சேர்ந்தாலும், உதவித்தொகையுடன் அப்ரண்டிஸ் ஆனாலும் அது நிற்கும். குறுகியகாலத் திறன் பயிற்சி தடையல்ல. வேலை இல்லை என்ற சுயஉறுதிமொழியைச் சேவா சிந்துவில் உரிய நாளுக்குள் கொடுக்காவிட்டால் பணம் நிற்கும், நின்றதாகப் புகார் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வேலை கிடைத்தும் இல்லை என்று உறுதிமொழி கொடுத்தால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். பிஎஃப் பதிவு அதைக் காட்டிக்கொடுக்கும்.

3,000 ரூபாயைக் காப்பாற்ற வீட்டிலேயே இருப்பது உங்களுக்கு நஷ்டம். பி.காம் பட்டதாரி, மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளமான நேட்ஸில் பட்டதாரி அப்ரண்டிஸாகப் பதியலாம். அதே 2019 விதிப்படி குறைந்தபட்சம் 9,000, ஒரு வருடம், முடிவில் மத்திய அரசின் சான்றிதழ். பாதித் தொகையை அரசே திருப்பிக் கொடுப்பதால் கம்பெனிகளும் எடுக்கத் தயங்குவதில்லை. அப்ரண்டிஸுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது, அதனால் பிபிஎல் கார்டு இருக்கும் இந்த வருடத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது. கணக்குப் பிரிவில் டேலியும் ஜிஎஸ்டி தாக்கலும் கையோடு பழகும் இடமாகப் பார்த்துச் சேருங்கள், கோப்பு அடுக்கும் இடத்தில் ஒரு வருடத்தைத் தொலைக்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் வேறு சில பெயர்களும் வரும். டிடியூஜிகேஒய், ருட்செட்டி என்ற பயிற்சிகள் இரண்டும் கிராமத்தாருக்கானவை, ஸ்ரீராம்புரம் முகவரிக்கு ஒத்துவராது. கோலார் பக்கக் கிராமத்தில் உறவினர் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள், தங்கிப் படிக்கச் சாப்பாட்டோடு இலவசம். நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமான நல்ம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. இன்னும் அதன் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எதற்கும் முன் பெயரைச் சரிசெய்யுங்கள். நம் வீடுகளில் இனிஷியல்தான் பாதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்கிறது. ஆதாரில் "செல்வி", ரேஷன் கார்டில் "செல்வி எம்", மதிப்பெண் பட்டியலில் "எம். செல்வி", வங்கியில் "செல்வி முருகன்" என்று இருந்தால் கணினிக்கு அவர்கள் நான்கு பேர். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம், அதில் உள்ளபடி ஆதாரை மாற்றுங்கள், பிறகு வங்கி, பிறகு ரேஷன் கார்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துக் கொடுங்கள். அம்மாவுக்குப் பள்ளிச் சான்று இல்லையென்றால் ஓய்வூதிய உத்தரவில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றப் போனால் ஓய்வூதியம் இடையில் தடைபடும்.

வேலையில் சேரும் முதல் மாதத்துக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு மேல்தான், நடுவில் ஷூ, சாப்பாடு, ஆட்டோ என்று செலவு இருக்கும். இந்திரா கேன்டீனில் காலை 5 ரூபாய்க்கும் மதியம் 10 ரூபாய்க்கும் சாப்பிட முடியும். பலர் வேலையை விடுவது வேலை பிடிக்காமல் அல்ல, இந்த நாற்பது நாளைத் தாண்ட முடியாமல்தான். கிருஹலட்சுமியில் இரண்டு மாதப் பணத்தை இதற்கென்று எடுத்து வைப்பது போதுமானதாக இருக்கும்.

வங்கி இணைப்பு, ரேஷன் கார்டு இ-கேஒய்சி எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால் மாநில அரசின் புகார் எண்ணான 1902க்கு அழையுங்கள். "பணம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் பொதுப் பதில்தான் கிடைக்கும். ரேஷன் கார்டு எண், கடைசியாக வந்த மாதம், டிபிடி செயலியில் காட்டும் வங்கியின் பெயர் ஆகிய மூன்றையும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்குப் போனால், எங்கே தடை விழுந்திருக்கிறது என்று திரையைத் திறந்து காட்டும்படி கேட்கலாம்.